இரண்டு கரையும் தெரிந்தது

மகளுக்குப் பிரசவம் நல்லபடியாக முடிந்தால் திருச்சி மலைக்கோட்டையில் இருக்கும் சிவன், தாயுமானவருக்கு வாழைத்தார் செலுத்துவதாக நேர்ந்துகொண்டிருந்தேன். பேத்திக்குத் தலை நின்ற பிறகுதான் திருச்சிக்குப் போக வாய்த்தது.

அன்றைக்குப் பார்த்து சங்கடஹர சதுர்த்தி. மாணிக்க விநாயகர் சந்நிதியிலேயே நெரிசல். தார் தூக்கித் தருகிறேன், சீக்கிரமே தரிசனம் பண்ணி வைக்கிறேன் என்று இரண்டு பேர் படி வரைக்கும் விடாமல் வந்தார்கள். சாமி கும்பிட வருகிறவர்களை இப்படியா பிய்த்தெடுப்பது? மனசு கசந்துதான் ஏறினேன். முட்டி வேறு பாதியிலேயே வலிக்க ஆரம்பித்துவிட்டது.

தாயுமானவர் முன்னால் நின்றதும் வாயில் ஒரு வார்த்தை வரவில்லை. பெங்களூரில் மகளுக்குத் தேதிக்கு முன்பே வலி எடுத்துவிட்டது. நான் ரயிலில் தவித்துக்கொண்டிருந்தேன். அந்த ராத்திரி முழுக்க ஒரு நர்ஸம்மாதான் அவள் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே இருந்தாராம். காவிரி வெள்ளத்தில் கர்ப்பிணி ரத்னாவதியின் தாய் அக்கரையிலேயே நின்றுவிட்டபோது, அந்தத் தாயின் உருவில் இங்கே வந்து பிரசவம் பார்த்தவர் இவர்தானே? நினைக்க நினைக்க அழுகை அடங்கவில்லை. குருக்கள் தீபாராதனைத் தட்டை எனக்காகக் கொஞ்ச நேரம் கூடுதலாகவே பிடித்துக்கொண்டு நின்றார்.

அப்புறம் உச்சிக்கு. 7ஆம் நூற்றாண்டில் பல்லவ மன்னன் மகேந்திரவர்மன் குடைந்த குகை மேலே போகும் வழியில்தான் இருக்கிறது. தரையில் இருந்தால் சோழநாட்டையும் காவிரியையும் நான் எப்படிப் பார்ப்பது என்று சிவபெருமானே கேட்டாராம். அதனால் மலைமேல் இந்தக் கோயிலை எடுத்தான் என்று அங்கே கல்வெட்டு இருக்கிறது.

விபீஷணனிடம் குட்டு வாங்கிய பிள்ளையாரைக் கும்பிட்டுவிட்டு வெளியே வந்தால் ஊர் மொத்தமும் காலடியில். நெரிசலும் கூச்சலுமாக இருந்த கடைவீதி அத்தனை சின்னதாகிவிட்டது. வடக்கே காவிரி, அப்பால் ஸ்ரீரங்கத்தின் 236 அடி ராஜகோபுரம், அதையும் தாண்டிக் கொள்ளிடம். இரண்டு கரையும் ஒரே பார்வையில் அடங்குகிறது. கீழே நிற்கிற தாய்க்குத்தான் அது வெள்ளம். இங்கே இருக்கிறவருக்கு அந்தத் தாயும் மகளும் பக்கத்துப் பக்கத்தில்தானே தெரிந்திருப்பார்கள்! ரயிலில் இருந்த என்னையும் பெங்களூரில் இருந்த அவளையும் அப்படித்தான் பார்த்திருப்பார். இது தெரியாமல் அன்றைக்கு எவ்வளவு பயந்தேன்.

இறங்கும்போது மறுபடி தாயுமானவர் சந்நிதிக்குப் போனேன். வரிசை நீளம்தான், பரவாயில்லை என்று நின்றேன். அந்த நர்ஸம்மா பெயரைச் சொல்லி அர்ச்சனை செய்யச் சொன்னேன். குருக்கள் நட்சத்திரம் கேட்டார். தெரியாது என்றேன். "சுவாமி நட்சத்திரத்துக்கே செய்துடலாம், அம்மா" என்றார்.