கடையாணி கழன்ற கதைகள்

2025 ஜூன் 1, ஞாயிறு – மட்டக்களப்பு

நூலிலிருந்து எடுத்த ‘த வீல் ஒஃப் டைம்’ மாயாஜாலத் தொடருக்கு நாலாம் சீசன் இல்லையென்று அமேசன் கைவிரித்து ஒரு கிழமை தாண்டிவிட்டது. நூல் 14, முன்கதை ஒன்று தனி. திரைக்கு வந்தது மூன்று சீசன், 24 எபிசோட். இனி, நூலைத் தொடராக்கிய மற்றவர்கள் என்ன செய்தார்கள் என்பதையும் சேர்த்து ஒரு கொப்பியில் எழுதிவைக்கலாம்.

முதலில் கணக்கு. முதல் நூலின் ஒலிப்புத்தகம் கிட்டத்தட்ட 30 மணித்தியாலம். முதல் சீசன் சுமார் எட்டு. ஒரு பக்க வர்ணனையைக் கமரா இரண்டு செக்கனில் காட்டிவிடும் என்று கழித்துப் பார்த்தாலும் பாதிக் கதை வெளியே போகத்தான் வேண்டும். அதனால் “நூலில் இருந்தது இதில் இல்லை” என்ற புலம்பலுக்கு இந்தக் கொப்பியில் இடமில்லை. கழற்றியது பலகையா, கடையாணியா என்பதுதான் கேள்வி. பலகை போனாலும் வண்டில் ஓடும். கடையாணி போனாலும் கொஞ்சத் தூரம் ஓடும். அதுதான் ஆளை ஏமாற்றுவது.

ஜூன் 3, செவ்வாய்

‘த வீல் ஒஃப் டைம்’ நாயகர்களில் ஒருவனான பெரின். நூலில் அவன் கலியாணம் கட்டாத பையன், கொல்லனிடம் தொழில் பழகுகிறவன். பெரிய உடம்பு. கை தவறி யாருக்கும் பட்டுவிடுமோ என்று எதையும் ஆறுதலாக யோசித்துச் செய்வான். கோடரியா சம்மட்டியா என்ற இழுபறி அவனுக்குள் பல நூல்களுக்கு நீளும்.

தொடரில் அவனுக்கு லைலா என்றொரு மனைவி. முதல் எபிசோட்டிலேயே, இருட்டும் சண்டையுமாக இருக்கும்போது அவன் கோடரிக்கே அவள் பலி. எழுதியவர்களின் கணக்கு விளங்குகிறது: மனதுக்குள் நடப்பதைக் கமராவுக்குக் காட்ட வெளியில் ஒரு சம்பவம் வேண்டும். ஆனால் நூலில் இருந்தது “செய்துவிடுவேனோ” என்ற பயம், திரையில் இருப்பது “செய்துவிட்டேன்” என்ற துக்கம். பயம் ஆளை முன்னுக்குத் தள்ளும், துக்கம் உட்கார வைத்துவிடும். அந்த சீசனில் பெரின் பாதி நேரம் சும்மா நிற்பதற்குக் காரணம் இதுதான்.

பெரினின் நண்பன் ‘மற்’ என்பவனின் கதை வேறு. ஆறாம் எபிசோட் முடிவில் மற்றவர்கள் ஒரு மாய வாசலுக்குள் போக, அவன் மட்டும் வெளியே நிற்பான். பிறகு ஆளையே காணோம். நடிகர் இடையில் விலகிவிட்டார், இரண்டாம் சீசனில் ஆள் வேறு. கொவிட்டாலும் படப்பிடிப்பு நின்று நின்றுதான் நடந்தது. இப்படியானதை எழுத்துக் குற்றத்தோடு ஒரே சாக்கில் போட்டுக் கட்டக்கூடாது.

வயிற்றெரிச்சல் என்னவென்றால், மூன்றாம் சீசனில் இவர்களுக்குக் கை வந்துவிட்டது. நாலாவது எபிசோட்டில் கதாநாயகன் ராண்ட் கண்ணாடித் தூண்களுக்கிடையே நடக்க நடக்க, முன்னோர் ஒவ்வொருவரின் கண்ணாலும் ஐயெல் என்ற பாலைவன மக்களின் வரலாறு பின்னோக்கி விரியும். முதலில் விளைவு, பிறகு அதன் காரணம், பிறகு காரணத்தின் காரணம். நூலின் அதே ஒழுங்கு. முன்னோரையும் ராண்டாக நடித்தவரே நடிக்கிறார். விளக்கம் சொல்ல யாரும் வாய் திறக்கவில்லை, தேவையும் இல்லை.

ஜூன் 5, வியாழன்

‘த விச்சர்’ முதல் சீசனில் (2019) மூன்று காலக்கோடுகள் மாறி மாறி வரும், ஆண்டு எதுவும் போடமாட்டார்கள். அந்தக் குழப்பத்தைத்தான் எல்லாரும் திட்டினார்கள். அது பலகை. இரண்டாம் முறை பார்த்தால் சரியாகிவிடும்.

கடையாணி புரோக்கிலோன் காடு. நூலில் சின்ட்ரா என்ற நாடு விழுவதற்கு முன்பே, அரக்கர்களை வேட்டையாடும் கெரால்ட் அந்தக் காட்டில் அந்நாட்டு இளவரசி சிரியைக் காண்கிறான். அவள் வாயாடி, பிடிவாதக்காரி, அவன் கையை விடாதவள். விதி கொண்டுவந்து கொடுத்த பிள்ளை என்று தெரிந்துகொண்டே அவளை விட்டுப் போகிறான். பிறகு நாடு எரிகிறது, பிள்ளை செத்துவிட்டது என்று நம்புகிறான். ஒரு வியாபாரியைக் காப்பாற்றியதற்கு, வீட்டில் அவன் எதிர்பாராத ஒன்றைக் கூலியாகக் கேட்கிறான். அந்த வீட்டு முற்றத்தில் அவள் ஓடி வருகிறாள். அந்த ஓட்டத்துக்குப் பின்னால் ஒரு பழக்கம் இருக்கிறது, ஒரு கைவிடலும் இருக்கிறது.

தொடரில் சிரி அந்தக் காட்டுக்குப் போகிறாள், கெரால்ட் அங்கே இல்லை. எட்டாம் எபிசோட்டில் இருவரும் கட்டிப்பிடிக்கும்போதுதான் முதல் முறை ஒருவரை ஒருவர் காண்கிறார்கள். வியாபாரி, காடு, ஓட்டம் எல்லாம் அப்படியே இருக்கிறது, பாரம் மட்டும் இல்லை. கடைசி வசனமாக அவள், கெரால்டின் காதலியைப் பற்றிக் கேட்பது “யெனிஃபர் யார்?” என்று. அந்த இடத்தில் அதைக் கேட்க யாருக்கு மனம் வரும்!

ஜூன் 8, ஞாயிறு

‘த ரிங்ஸ் ஒஃப் பவர்’. அமேசன் 2017இல் வாங்கிய உரிமை ‘த ஹொபிட்’, ‘த லோர்ட் ஒஃப் த ரிங்ஸ்’, அதன் பின்னிணைப்புகள் ஆகியவற்றுக்கு. ‘த சில்மரிலியன்’ அதில் சேராது. ஆகவே “அந்த அத்தியாயத்தை ஏன் எடுக்கவில்லை” என்று கேட்பவர்கள் முதலில் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஆனால் பின்னிணைப்பிலேயே ஆண்டுக்கணக்கு இருக்கிறது. இரண்டாம் யுகம் 3441 ஆண்டு. மந்திர மோதிரங்களை வார்க்கத் தொடங்கியது சுமார் 1500, எல்ஃப்களுக்கான மூன்று மோதிரம் முடிந்தது சுமார் 1590, தீயவனான சவுரோன் தன் மோதிரத்தை வார்த்தது சுமார் 1600. அந்த மூன்றையும் செய்த எல்ஃப் ஆசாரி கெலெப்ரிம்போர் இறந்தது 1697. மனித வீரன் இசில்டூர் பிறந்தது 3209. தொடரில் இந்த இருவரும் ஒரே காலத்து ஆட்கள்.

யுகத்தைச் சுருக்கியதைக்கூட மன்னிக்கலாம். மனித நடிகர்களைச் சீசனுக்குச் சீசன் சாகடித்துவிட்டு முதுமையில் சாகாத எல்ஃப்களை மட்டும் வைத்துத் தொடர் ஓட்ட முடியாது. மன்னிக்க முடியாதது வரிசை. நூலில் அந்த மூன்றும் கடைசியாக வருபவை. சவுரோனிடம் கற்ற வித்தையெல்லாம் கையேறிய பிறகு, அவன் கை படாமல் கெலெப்ரிம்போர் தனியே செய்தவை. தொடரில் அவைதான் முதலில், அதுவும் வேடம் மாறி வந்த சவுரோன் கலப்பு உலோகம் பற்றிக் காதில் போட்டுவிட்டுப் போன பிறகு. கற்றுத் தேர்ந்த ஆசாரியின் கடைசி வேலை, கன்னி வேலையாகிவிட்டது.

ஜூன் 10, செவ்வாய், பூரணை

வைகாசிச் சடங்குக் காலம். செட்டிபாளையம், காரைதீவு என்று இந்தக் கரை முழுக்கக் கண்ணகை அம்மனுக்குக் கதவு திறந்து ‘கண்ணகி வழக்குரை’ பாடுவார்கள். அதை எடுத்து இளங்கோவோடு வைத்துப் பார்த்தால் வேடிக்கை. சிலம்புக்கு மணி வேண்டுமென்று மீகாமன் கப்பலேறிப் போவதும், வெடியரசனோடு பொருதுவதும் சிலப்பதிகாரத்தில் கிடையாது. ஒரு கடலோட்டத்தையே புதிதாகச் சேர்த்திருக்கிறார்கள். இங்கே யாரும் கோபித்துக்கொண்டு எழும்பிப் போவதில்லை.

ஏனென்றால் அந்தக் கடலோட்டம் முழுவதும் சிலம்புக்குள் இருக்கும் பரலை நோக்கியே போகிறது. வழக்கின் முடிவே அந்தப் பரல்தான். எங்கிருந்து, என்ன பாடுபட்டு வந்தது என்று தெரிந்தவனுக்குச் சிலம்பு உடையும் சத்தம் இன்னும் பலமாகக் கேட்கும். லைலாவைச் சேர்த்தவர்களுக்கு இந்த ஊர்ச் சடங்கொன்றைக் காட்டியிருக்கலாம்.

ஜூன் 12, வியாழன்

கிரேக்கப் புராணத்தை இன்றைய பிள்ளைகளின் கதையாக்கிய பேர்சி ஜக்சன் தொடர், டிஸ்னி, 2023. சின்னக் குறிப்பு போதும். நூலில் பிள்ளைகள் பசியோடு, பர்கர் மணத்துக்கு மயங்கி, சிலைக் கடைக்குள் போகிறார்கள். வாசகனுக்கு முதலில் பிடிபட்டுவிடும், பிள்ளைகளுக்குப் பிடிபடாது. தொடரில் வாசலில் வைத்தே “இது மெடூசா”, பார்த்தவரைக் கல்லாக்குகிறவள், என்று விளங்கிவிடுகிறது. உள்ளே போனவர் நேரத்தை மறந்துவிடும் லோட்டஸ் கசினோவிலும் அதே கதை. பேசிப் பேசியே பொறியைக் கழற்றிவிட்டுப் பிறகு அதற்குள் காலை வைக்கிறார்கள்.

ஜூன் 15, ஞாயிறு

‘ஹவுஸ் ஒஃப் த டிராகன்’ இரண்டாம் சீசன். நூலில் அரசி ஹெலேனாவுக்கு மூன்று பிள்ளைகள்: ஆணும் பெண்ணுமாக இரட்டையர், பிறகு இன்னொரு ஆண். கொலைகாரர் இருவர், இரண்டு ஆண் பிள்ளைகளில் எவன் சாகவேண்டும் என்று அவளையே சொல்ல வைப்பார்கள். அவள் இளையவன் மேலோரின் பெயரைச் சொல்வாள். அவர்கள் மூத்தவனைக் கொல்வார்கள். அதன்பின், தான் சாகக் கொடுத்த பிள்ளையின் முகத்தை அவளால் பார்க்க முடியாது.

தொடரில் மேலோர் இல்லை. இரட்டையரில் எது ஆண் என்று கேட்க, அவள் காட்டுகிறாள், அவ்வளவுதான். ஒரு சின்னப் பிள்ளையை வைத்துப் படம் பிடிப்பது செலவும் கரைச்சலும் என்பது உண்மை. ஆனால் இல்லாமல் போனது ஒரு நடிகர் அல்ல, ஒரு தாயின் குற்ற உணர்வு. நூலாசிரியர் மார்ட்டினே 2024 செப்டெம்பரில் இதைப் பற்றித் தன் தளத்தில் எழுதினார். மேலோர் பின்னால் வரும் சம்பவங்களுக்கும் வேர் என்பதே அவர் கவலை. பதிவு பிறகு எடுக்கப்பட்டுவிட்டது.

ஜூன் 19, வியாழன்

ஒப்பிட்டுப் பார்க்க விரும்புவோருக்கு. சீசன் முழுவதும் வெளிவரும் வரை பொறுங்கள். கழன்ற ஆணி நாலு எபிசோட் கழித்துத்தான் சத்தம் போடும். பார்க்க முன்பு நூலை முழுக்கத் திரும்ப வாசிக்காதீர்கள், மனம் வரி வரியாகச் சரிபிழை பார்க்கும். கொப்பிப் பக்கத்தை மூன்றாகக் கோடிழுங்கள்: நூலில் நடந்தது, திரையில் நடந்தது, இதனால் பின்னால் என்ன நடக்கவேண்டும். மூன்றாவது நிரல் வெறுமையாக இருந்தால் அந்த மாற்றத்தை வெட்டிவிடலாம், அது பலகை.

டேட்டா பற்றி: நெட்ஃபிளிக்ஸில் நடுத்தரம் வைத்தால் மணித்தியாலத்துக்கு 0.7 ஜிபி வரை, எட்டு மணித்தியால சீசனுக்கு 5.6. எச்டி என்றால் மணிக்கு 3 ஜிபி வரை இழுக்கும். ஆனால் இரவுச் சண்டைகளைக் குறைந்த தரத்தில் பார்த்துவிட்டு ஒளிப்பதிவாளரைத் திட்டாதீர்கள். கறுப்பு கட்டி கட்டியாகத் தெரிவது டேட்டா சிக்கனத்தால்.

ஜூன் 22, ஞாயிறு

‘ஹிஸ் டார்க் மெட்டீரியல்ஸ்’. மூன்று நூலுக்கு 23 எபிசோட். நேரம் தாராளம், நடிப்பும் நன்று. ஆனால் அந்த உலகத்தில் ஒவ்வொரு மனிதனுக்கும், அவன் ஆன்மாவாகவே, மிருக உருவில் ஒரு டீமன் கூடவே இருக்கவேண்டும். கணினியில் ஒவ்வொன்றாகச் செய்யக் காசு போதாமல், கூட்டக் காட்சிகளில் பெரும்பாலானோர் வெறும் ஆட்களாகவே நடக்கிறார்கள்.

நூலில், பனிக்குள் மீன் காயவைக்கும் கொட்டிலில் கதாநாயகி லைரா ஒரு சிறுவனைக் காண்பாள். அவனிடமிருந்து டீமனை அறுத்து எடுத்துவிட்டார்கள். அது இருந்த இடத்தில் அவன் ஒரு காய்ந்த மீனை நெஞ்சோடு அணைத்துக்கொண்டிருப்பான். செத்த பிறகு யாரோ அந்த மீனையும் எடுத்துவிட, லைரா கத்துவாள். திரையில் அந்தச் சிறுவனின் இடத்தில் பில்லி கொஸ்ரா. அவனருகில் டீமன் இல்லை. பார்ப்பவன் அதிரவேண்டும். ஆனால் முந்திய எபிசோட்டுகளில் தெருவில் போனவர்கள் அருகிலும் பெரும்பாலும் ஒன்றும் இருக்கவில்லை.