பழைய ஏசி, ஹோம் வாரன்ட்டி: டெக்னீஷியன் எழுதுற ரெண்டு வரிதான் க்ளெய்மே

டெக்ஸஸ்ல வீடு வாங்கும்போது விக்கிறவங்களே ஒரு வருஷத்துக்கு ஹோம் வாரன்ட்டி எடுத்துக் குடுக்குறது சகஜம், எங்களுக்கும் அப்படித்தான் வந்துச்சு. அப்புறம் நாங்களே காசு கட்டி ரென்யூ பண்ணிட்டு வந்தோம். காரணம் ஏசிதான். வெளிய நிக்கிற யூனிட் 2009ல செஞ்சது, உள்ள ஓடுறது ஆர்-22ங்கற பழைய வகை கூலிங் கேஸ். அது ஒருநாள் கைவிடும்னு தெரிஞ்சுதான் வச்சிருந்தோம், 2025 ஜூலைல கைவிட்டுச்சு, அதுவும் ஊர்ல இருந்து அப்பா அம்மா வந்திருந்த நேரம் பார்த்து. தெர்மோஸ்டாட்ல 76 டிகிரி ஃபாரன்ஹீட் வச்சா வீடு 86ல நிக்குது, அம்மா ஈரத்துண்ட கழுத்துல போட்டுக்கிட்டு ஃபேனுக்கு அடியிலயே உக்காந்திருந்தாங்க.

இந்த வழில போறவங்க யாருக்காவது உதவும்னுதான் நடந்ததை அப்படியே எழுதுறேன்.

முதல்ல ஒரு விஷயம். ஹோம் இன்சூரன்ஸ் வேற, ஹோம் வாரன்ட்டி வேற. தேய்ஞ்சு பழசாகி நிக்கிற மெஷினுக்கு இன்சூரன்ஸ் தராது, அதுக்குத்தான் இந்த வாரன்ட்டி. டெக்ஸஸ் சட்டத்துல இதுக்கு ரெசிடென்ஷியல் சர்வீஸ் கான்ட்ராக்ட்னு பேரு. பழுதுன்னா கம்பெனிக்குத்தான் சொல்லணும், அவங்க அனுப்புற ஆளுதான் வருவாரு, ஒவ்வொரு க்ளெய்முக்கும் சர்வீஸ் ஃபீ நம்ம கட்டணும். நம்மளா வெளிய ஆளக் கூப்பிட்டு ரிப்பேர் பண்ணிட்டு பில்ல அனுப்பினா பெரும்பாலும் தரமாட்டாங்க, அதனால வெயில் தாங்கலன்னு அவசரப்பட்டு அதை மட்டும் பண்ணிடாதீங்க. நாங்க பெட்ரூம் ஜன்னல்ல வைக்கிற சின்ன ஏசி ஒண்ணு வாங்கி அப்பா அம்மாவ அந்த ரூமுக்கு மாத்திட்டு, அப்புறம்தான் இவங்களோட மல்லுக்கட்ட ஆரம்பிச்சோம்.

முதல்ல வந்தவர் பிரஷர் கேஜ் மாட்டிப் பார்த்தார், கேஸ் கம்மின்னார், கொஞ்சம் ஏத்திட்டுக் கிளம்பிட்டார். ஏசில கேஸ் பெட்ரோல் மாதிரி தீர்ந்துபோற பொருள் கிடையாது, அது மூடின சர்க்யூட், குறைஞ்சா எங்கயோ லீக் இருக்குன்னுதான் அர்த்தம். அதுவும் ஆர்-22ங்கறதால விலை எக்கச்சக்கம், 2020 ஜனவரி 1லயே அமெரிக்கால அதைத் தயாரிக்கிறதும் இறக்குமதி பண்றதும் நின்னுபோச்சு, இப்போ ஓடுறதெல்லாம் மிச்ச ஸ்டாக்கும் பழைய மெஷின்ல இருந்து எடுத்துச் சுத்தம் பண்ணினதும்தான். எங்க கான்ட்ராக்ட்ல ஒரு பவுண்டுக்கு இவ்வளவுதான்னு லிமிட் போட்டிருந்தாங்க, மீதி எங்க தலையில.

கொஞ்ச நாள்ல திரும்பவும் அதே கதை, செப்புக் குழாய்ல ஐஸ் கட்டி நிக்குது. இந்தத் தடவை நான் லீக் எங்கன்னு கண்டுபிடிச்சே ஆகணும்னு கேட்டு, வேற கான்ட்ராக்டர அனுப்பச் சொன்னேன். அவரு அட்டிக்ல, அதாவது கூரைக்குக் கீழ இருக்குற பரண்ல ஏறி, வீட்டுக் காத்தக் குளிர வைக்கிற எவாப்பரேட்டர் காயிலத் திறந்து டார்ச் அடிச்சுக் காட்டினார், குழாய் யூ மாதிரி வளையுற ஒரு எடத்துக்குக் கீழ எண்ணெய்க் கறை, தொட்டா பிசுபிசுன்னு இருக்கு. கேஸ் கசியுற எடத்துல கம்ப்ரஸர் ஆயிலும் சேர்ந்து கசியும், அதுதான் அடையாளம். போட்டோ எடுத்து வச்சுக்கிட்டேன்.

எங்க ஏரியால ஏசி தொழில்ல இருக்குற தமிழ் அண்ணா ஒருத்தர் ஃபோன்ல சொன்னதுதான் எங்களக் காப்பாத்துச்சு: "தம்பி, கம்பெனிக்காரன் உங்க வீட்டுக்கு வரப்போறதில்ல, டெக்னீஷியன் என்ன எழுதி அனுப்புறாரோ அதுதான் உங்க க்ளெய்ம், அவரு கிளம்புறதுக்கு முன்னாடி அதைப் படிச்சுப் பாருங்க." படிச்சேன். காயில் லீக்னு எழுதினவர் பக்கத்துலயே காயில் அழுக்குன்னும் எழுதியிருந்தார். பார்க்கச் சாதாரண வார்த்தை, ஆனா கம்பெனி பிடிச்சுக்கிட்டது அதைத்தான், சரியா மெயின்டெய்ன் பண்ணல, கவரேஜ் இல்லன்னு மெயில் வந்துருச்சு.

நான் ஃபோன்ல சண்டை போடல. மறுப்புக்குக் காரணம் கான்ட்ராக்ட்ல எந்த ஷரத்துன்னு எழுத்துல கேட்டேன். கூடவே வருஷா வருஷம் வசந்த காலத்துல பண்ணின ட்யூன்-அப் ரசீது எல்லாம், எண்ணெய்க் கறை போட்டோ, வீடு வாங்கினப்போ எடுத்த இன்ஸ்பெக்ஷன் ரிப்போர்ட், எல்லாத்தையும் ஒரே மெயில்ல அனுப்பினேன். அந்த ரிப்போர்ட்ட எல்லாரும் பத்திரமா வைங்க. ஏசிக்குள்ள போற ரிட்டர்ன் காத்துக்கும் குளிர்ந்து வெளிய வர்ற சப்ளை காத்துக்கும் நடுவுல 18 டிகிரி வித்தியாசம்னு அதுல எழுதியிருந்தது, பொதுவா 15ல இருந்து 20 வரைக்கும் இருந்தா நல்லா ஓடுதுன்னு எடுத்துப்பாங்க, அதனால வாங்கும்போதே பழுதுன்னு அவங்களால சொல்ல முடியல. டெக்னீஷியனும் நல்ல மனுஷன், லீக்குக்குக் காரணம் அழுக்கு இல்ல, உலோகம் அரிச்சுப்போனதுதான்னு தனியா எழுதிக் குடுத்தார். இதுக்கும் சரியான பதில் வரல, உடனே டிடிஎல்ஆர்ல கம்ப்ளைண்ட் போட்டேன். டெக்ஸஸ்ல இந்தக் கம்பெனிகளுக்கு லைசென்ஸ் குடுக்குற மாநிலத் துறை அது, 2021 செப்டம்பர்ல இருந்து இது அவங்க கையிலதான் இருக்கு. அப்புறம் க்ளெய்ம் அப்ரூவ் ஆச்சு.

அதோட முடியல. எங்க மெஷினுக்கு ஆர்-22 காயில் கிடைக்கல, காயில மட்டும் 410ஏக்கு (ஆர்-22க்கு அடுத்து வந்த கேஸ்) மாத்தவும் முடியாது, அதோட பிரஷர் ஐம்பது சதவீதத்துக்கு மேல அதிகம், ஆயிலும் வேற, அதனால உள்ளயும் வெளியயும் சேர்த்துத்தான் மாத்தணும். கம்பெனி ஒத்துக்கிச்சு, ஆனா கவர் ஆகாத செலவுன்னு ஒரு லிஸ்ட் வந்துச்சு, பழைய கேஸ் எடுக்க, ப்ளீனம் (மெஷினையும் காத்துக் குழாயையும் சேர்க்குற பெட்டி) மாத்த, ட்ரெயின் பேன் (தண்ணி பிடிக்கிற தட்டு), பெர்மிட், எல்லாம் சேர்த்து 2,800 டாலர். அவங்க தரேன்னதும் மிச்சம் கிடந்த 410ஏ மெஷின்தான். 2025 ஜனவரி 1ல இருந்து வீட்டு ஏசி புதுசா அந்த கேஸ்ல செய்யக்கூடாது, ஆர்-454பி இல்லன்னா ஆர்-32தான், அப்போ இன்னும் பத்து பதினஞ்சு வருஷம் வச்சுக்கப்போற மெஷின எதுக்கு அதுல வாங்கணும்?

மெஷினுக்குப் பதிலா காசாவே தாங்கன்னு கேட்டேன். முதல்ல சொன்ன தொகை ரொம்பக் கம்மி, ஏன்னா கடை விலைய அவங்க கணக்குல எடுக்கமாட்டாங்க, அவங்களுக்கு மொத்தமா வாங்குறப்போ என்ன அடக்கமோ அதுதான் கணக்கு, இது எங்க கான்ட்ராக்ட்லயும் எழுதியிருந்துச்சு. எந்த மாடல், எத்தனை டன் (குளிர வைக்கிற திறன்), எத்தனை எஸ்இஇஆர்2 (கரண்ட் சிக்கன அளவு)ன்னு வரி வரியா பிரிச்சுக் கேட்டேன். பார்த்தா 3 டன் மெஷினுக்குப் போட்டிருக்காங்க, எங்க வீட்டுல இருந்தது 3.5 டன்! பழைய யூனிட்ல விவரம் அச்சடிச்சிருக்குற டேட்டா ப்ளேட் போட்டோவ அனுப்பினதும் தொகை ஏறுச்சு. மொத்தச் செலவுல அது பாதி கூட இல்ல, இருந்தாலும் மெஷினையும் ஆளையும் நாங்களே பார்த்து எடுத்துக்கிட்டோம், அந்த அண்ணாவே வீட்டுக்கு எத்தனை டன் வேணும்னு லோட் கணக்கு போட்டு 454பி சிஸ்டம் போட்டுக் குடுத்தார்.

புது மெஷின் போட்டவங்க உடனே ஒண்ணு பண்ணுங்க, உற்பத்தியாளர் சைட்ல சீரியல் நம்பர ரிஜிஸ்டர் பண்ணிடுங்க. நிறைய பிராண்டுல 60 நாளுக்குள்ள பண்ணினா பார்ட்ஸ் வாரன்ட்டி 10 வருஷம், விட்டுட்டா 5 வருஷம்தான். போட்டுக்குடுக்குறவங்க பண்ணிடுறோம்னு சொன்னாலும் கன்ஃபர்மேஷன் மெயில கேட்டு வாங்கிக்கோங்க.