அந்தத் தாழ்வாரம் யாருடைய மரபு?

அமெரிக்காவில் ‘மரபுவழிக் குடியிருப்பு’ என்ற பெயரில் வரையப்படும் திட்டங்களில் முன் தாழ்வாரம் தவறாமல் இருக்கும். 1981-ல் ஃபுளோரிடாவில் உருவான சீசைடு ஊரின் கட்டட விதி தாழ்வாரத்தோடு வெள்ளை மரவேலியையும் வலியுறுத்தியது. நியூ ஆர்லியன்ஸின் ‘ஷாட்கன்’ வீட்டிலும் தாழ்வாரம் உண்டு. சுமார் 12 அடி அகலம், நடைவழியே கிடையாது, அறைகள் ஒன்றன்பின் ஒன்றாகப் போகும். அந்த அமைப்பின் வேரை ஆய்வாளர்கள் பலர் ஹைட்டி வழியாக மேற்கு ஆப்பிரிக்காவில் காண்கிறார்கள். விதிப்புத்தகங்களில் தாழ்வாரம் மிஞ்சுகிறது, அதைக் கட்டியவர்கள் காணாமல் போகிறார்கள்.

கோளாறு பழைய கட்டடங்களைக் கணக்கெடுக்கும் படிவத்திலேயே தொடங்குகிறது. தேசிய வரலாற்று இடங்கள் பதிவேட்டுக்கு ஏழு அம்சங்களைப் பார்ப்பார்கள்: இடம், வடிவமைப்பு, சூழல், பொருள், வேலைப்பாடு, உணர்வு, தொடர்பு. நடைபாதையில் நின்று படம் எடுப்பவருக்குப் பொருள் உடனே தெரியும். அங்கு வாழ்ந்தவர்களோடு உள்ள தொடர்பு தெரிய வேண்டுமானால் கதவைத் தட்டிப் பேச வேண்டும். அதனால் அலுமினியப் பலகை அடித்த, ஜன்னல் மாற்றிய வீடு ‘பங்களிக்காதது’, அதாவது பகுதியின் வரலாற்று மதிப்புக்கு எதுவும் சேர்க்காதது, என்ற பட்டியலுக்குப் போய்விடுகிறது. 1934-க்குப் பிறகு கூட்டாட்சி அரசின் கடன் காப்பீடு மறுக்கப்பட்ட கறுப்பினத்தார் பகுதிகளில், கைக்குக் கிடைத்ததை வைத்துத்தான் பழுது பார்க்க முடிந்தது. அந்த ஒட்டுவேலையும் வரலாறுதான். படிவத்தில் அது குறையாகப் பதிவாவது அநியாயம்.

கட்டடமே இல்லாத மரபு இன்னும் எளிதில் கண்ணில் படாமல் போய்விடும். நியூ ஆர்லியன்ஸின் கிளைபோர்ன் அவென்யூ நடுத்திட்டில் ஓக் மரங்களின் கீழ் கறுப்பினக் குடும்பங்கள் மார்டி கிரா என்ற ஊர்வலத் திருவிழாவைக் கொண்டாடின. மேம்பாலச் சாலைக்காக 1966-ல் அந்த மரங்கள் வெட்டப்பட்டன. இன்றும் ஊர்வலங்கள் அந்தப் பாலத்தின் அடியில் கூடுகின்றன. வீடுகளை மட்டும் எண்ணும் வரைபடத்தில் அந்த இடம் வெறும் தூண்கள்தான்.

ஆகவே ஒரு பகுதிக்குக் கட்டட விதி எழுதும் முன், ஒரே தெருவை வேலைநாள் காலை, மாலை, ஞாயிறு என மூன்று முறை நடந்து பாருங்கள். நாற்காலிகள் எங்கே போடப்படுகின்றன, நிழல் எந்தப் பக்கம், தள்ளுவண்டி எங்கே நிற்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். வீட்டில் எதை மாற்றினார்கள், ஏன் மாற்றினார்கள் என்று கேளுங்கள். மாலைநேர நகராட்சிக் கூட்டத்தை மட்டும் நம்பினால் சொந்த வீட்டுக்காரர்களின் குரலே ஓங்கும். வாடகைக்கு இருப்பவர்களை சலவைக்கடையிலோ பேருந்து நிறுத்தத்திலோதான் பிடிக்க முடியும்.

வரைவு விதி தயாரானதும் அங்குள்ள 20 மனைகளில் பொருத்திப் பாருங்கள். குறைந்தபட்ச மனை அகலம் 40 அடி என்று எழுதிவிட்டால், 30 அடி மனையில் உள்ள ஷாட்கன் வீடு தீயில் அழிந்தால் அதே இடத்தில் திரும்பக் கட்ட அனுமதி கிடைக்காமல் போகலாம். அந்த ஒரு எண்ணை முதலில் திருத்துங்கள்.