வோர்ட்டில் மகாராணி

செப்டெம்பர் 8, 2022, வியாழன்

காலையில் டொக்டர் வந்து அம்மாவுக்கு 19ஆம் திகதி திங்கள் பத்து மணிக்கு ஸ்கேன் என்று சொல்லிவிட்டுப் போனார். சரி, ஒரு திகதியாவது கிடைத்தது.

மத்தியானம் பன்னிரண்டரைக்கு எலிசபெத் மகாராணியைப் பற்றி அரண்மனை அறிக்கை. டொக்டர்மாருக்குக் கவலையாம், ஸ்கொட்லாந்தில் பல்மோரல் மாளிகையிலேயே ஓய்வெடுக்கிறாவாம். அரண்மனை வாய் திறந்து "கவலை" என்று சொன்னால் கதை முடிந்த மாதிரிதான் என்றார் பக்கத்துக் கட்டில் ஆங்கிலக் கிழவி. ஆறரைக்கு மரணத்தை அறிவித்தார்கள். முந்தாநாள்தான் லிஸ் டிரஸ்ஸைப் பிரதமராக்கிக் கை கொடுத்தவர். அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன், புறங்கை முழுக்க நீலமாகக் கன்றிப்போய் இருந்தது. அம்மாவுக்குக் காட்ட, "ஊசி குத்தின கை பிள்ளை அது" என்று தன் கையையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். அதே நீலம்.

செப்டெம்பர் 9, வெள்ளி

ஒரு மணிக்கு ஹைட் பார்க்கில் 96 வேட்டு, வயசுக்கு ஒன்று. அம்மாவுக்குக் காய்ச்சல் 38.4.

செப்டெம்பர் 10, சனி

காய்ச்சல் இறங்கிவிட்டது. அந்தச் சந்தோசத்தில் காலை முழுக்க கிழவியின் ஐபேடில் சென்ட் ஜேம்ஸ் அரண்மனையைப் பார்த்தோம். அரியணையேற்பு அவையாம். இவ்வளவு காலமும் உள்ளுக்குள்ளேயே நடத்தியதை இப்போதுதான் முதன்முறையாக ரிவியில் காட்டுகிறார்கள். பழைய பிரதமர்மார் எல்லாம் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி வரிசையில் நிற்கிறார்கள். உண்மையில் தாயின் மூச்சு நின்ற நிமிசமே மகன் ராசாவாகிவிட்டார். இந்தச் சடங்கெல்லாம் ஊருக்குச் சொல்வதற்குத்தான். ஸ்கொட்லாந்துத் திருச்சபையைக் காப்பேன் என்று ஒரு சத்தியம், 1707இல் இங்கிலாந்தும் ஸ்கொட்லாந்தும் ஒன்றானபோது போட்ட நிபந்தனை, இன்றைக்கும் விடவில்லை. அவைத் தலைவி பெனி மோர்டன்ட் ஒவ்வொரு கட்டளையாக வாசிக்க வாசிக்க ராசா "அங்கீகரிக்கப்பட்டது" என்கிறார், அடுத்தது, "அங்கீகரிக்கப்பட்டது". மேசை சின்னது, பேனைத் தட்டு இடைஞ்சல், அதை எடு என்று முகத்தைச் சுளித்துக் கையாட்டினார்.

அப்புறம் பதினொரு மணிக்கு மேல்மாடத்தில் எக்காளம் ஊதி, கார்ட்டர் கிங் ஒஃப் ஆர்ம்ஸ் என்ற தலைமைக் கட்டியக்காரர் சீட்டுக்கட்டு ராசா உடுப்பில் வந்து பிரகடனம் வாசித்தார். கீழே காவலர்கள் கரடித்தோல் தொப்பியைக் கழற்றி மூன்று முறை ஹிப் ஹிப் ஹூரே. அரைக்கம்பக் கொடியை இதற்காக நாளை மத்தியானம் ஒரு மணிவரை முழுக்கம்பத்துக்கு ஏற்றிவிட்டு, பிறகு திரும்ப இறக்குவார்களாம். துக்கத்துக்கு ஓர் இடைவேளை.

அம்மா கேட்டது ஒன்றுதான். "அவவை எப்ப புதைக்கினம்?"

19ஆம் திகதி என்றேன். "பதினொரு நாளோ! எங்கட ஊரில எண்டா எட்டுச்செலவு முடிஞ்சு சொந்தக்காரர் எல்லாம் வீட்டுக்குப் போயிருப்பினம்."

செப்டெம்பர் 11, ஞாயிறு

அரண்மனைத் தேனீக்களுக்கும் சேதி சொல்லியாகிவிட்டதாம். ஒவ்வொரு கூடாகப் போய் மெல்லத் தட்டி, எசமானி போய்விட்டார், புது எசமானர் உங்களை நன்றாகப் பார்ப்பார் என்று சொல்லி, கறுப்பு ரிப்பன் கட்டிவிட்டு வந்திருக்கிறார் தேனீ வளர்ப்பவர். சொல்லாவிட்டால் தேனீ கோபித்துக்கொண்டு போய்விடும் என்று பழைய நம்பிக்கை. தேனீக்குச் சொல்கிறார்கள். இங்கே இரத்தப் பரிசோதனை முடிவைக் கேட்டு மூன்று நேர்ஸ்மாரிடம் போய்விட்டேன்.

செப்டெம்பர் 13, செவ்வாய்

விடியப்புறம் ஊர்வல ஒத்திகை நடந்திருக்கிறது. இருட்டில், வெறும் தெருவில், ஒரு பெட்டியை வண்டியில் ஏற்றி, பான்ட் அடித்து, அடி அளந்து நடந்திருக்கிறார்கள். ராணியின் மரணச்சடங்குத் திட்டத்துக்கு "லண்டன் பிரிட்ஜ்" என்று பெயர். 1960களிலிருந்தே எழுதி எழுதித் திருத்தி வைத்திருந்தார்களாம், அவர் உயிரோடு, அவருக்கும் தெரிய. எனக்கு இதை நினைக்க வயிற்றுக்குள் என்னவோ செய்கிறது. அம்மாவிடம் ஒரு விசயமும் நாங்கள் கேட்டதில்லை. எரிப்பதா தாட்பதா என்றுகூட. இந்த ஊரிலா அங்கேயா என்றுகூட. தம்பியிடம் போனில் இதை எடுத்தால் "அக்கா விசர்க்கதை கதையாதை" என்று வைத்துவிடுகிறான். விசர்தான். ஆனால் ராணி வீட்டில் கதைத்திருக்கிறார்களே.

வட அயர்லாந்தில் ஹில்ஸ்பரோ மாளிகையில் ராசாவுக்குப் பேனை கசிந்து கையெல்லாம் மை. எரிந்து விழுந்தார். எனக்கு முதல்முறையாக அவரில் ஒரு இரக்கம் வந்தது. தாய் செத்து ஐந்து நாள், ஊர் ஊராகக் கையெழுத்துப் போட்டுக்கொண்டு திரிகிறார்.

செப்டெம்பர் 14, புதன்

2.22. இரண்டேகாலும் இல்லை, இரண்டரையும் இல்லை. 2.22க்குப் பெட்டி பக்கிங்காம் அரண்மனையை விட்டு வெளிக்கிடும், சரியாக மூன்றுக்கு வெஸ்ட்மின்ஸ்டர் மண்டபத்தில் நிற்கும் என்றார்கள், நின்றது. நிமிசத்துக்கு 75 காலடி. ஹைட் பார்க்கில் நிமிசத்துக்கு ஒரு வேட்டு, பிக் பென்னில் நிமிசத்துக்கு ஓர் அடி.

டொக்டர் "மத்தியானத்துக்குப் பிறகு" வருவார் என்றார்கள். வரவில்லை.

செப்டெம்பர் 15, வியாழன்

ஸ்கேன் இல்லை. திங்கள் விடுமுறையாம். மரணச்சடங்குக்காக நாடு முழுக்க வங்கி விடுமுறை, அதனால் பத்து மணிக்காரர் எல்லாரையும் தள்ளிவைத்திருக்கிறார்கள், புதுத் திகதி பிறகு அறிவிப்பார்களாம். போனில் பேசிய பிள்ளை பாவம், பத்துத் தரம் மன்னிப்புக் கேட்டது.

பிறகுதான் ஞாபகம் வந்தது, சனிக்கிழமை ராசா "அங்கீகரிக்கப்பட்டது" என்ற கட்டளைகளில் ஒன்று இந்த விடுமுறை. நாங்கள் இரண்டு பேரும் தேத்தண்ணி குடித்துக்கொண்டு அதைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறோம்.

அறுபது வருசம் எழுதின திட்டத்தில் எல்லாம் இருந்தது. எந்த வாசலால் எந்தக் குதிரை, யாருக்கு எந்தக் கதிரை. அன்றைக்கு ஆஸ்பத்திரிக்கு வர இருப்பவர்களை என்ன செய்வது என்று ஒரு வரி எழுத ஒருத்தருக்கும் தோன்றவில்லையா? இல்லை, அதுவும் எங்கேயோ எழுதி இருந்திருக்கும், "தள்ளிவைக்கவும்" என்று.

அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை.

செப்டெம்பர் 16, வெள்ளி

நித்திரை இல்லை. மண்டபத்தில் ராணியின் பெட்டியைப் பார்க்கப் போகிற வரிசை எங்கே நிற்கிறது என்று யூடியூபில் அரசாங்கமே காட்டுகிறது. காலை பத்துக்கு சவுத்வார்க் பார்க் நிரம்பி வரிசையை மூடினார்கள், திறந்தபோது காத்திருப்பு 24 மணித்தியாலம் வரை போனது. டேவிட் பெக்கமும் பன்னிரண்டு மணித்தியாலத்துக்கு மேல் நின்றிருக்கிறார். இரவு மூன்று மணிக்கு அம்மாவின் கட்டிலடியில் போன் வெளிச்சத்தைக் குறைத்து வைத்து மண்டபத்தைப் பார்க்கிறேன். சனம் சத்தமில்லாமல் போகிறது. ஒருவர் குனிகிறார், ஒருவர் சிலுவை போடுகிறார், ஒருத்தி பையைத் தோளில் மாற்றிப் போட்டுவிட்டு என்ன செய்வது என்று தெரியாமல் கையை லேசாக அசைக்கிறாள். இருபது நிமிசத்துக்கொரு தரம் "டொக்" என்று ஒரு தட்டு, காவலர் மாறுகிறார்கள். முதல் இரவு ஒரு காவலர் அப்படியே முகங்குப்புற விழுந்தார்.

வாட்சப்பில் பெரியம்மாவின் மகன், பெட்டிக்கு மேலே இருக்கும் கிரீடத்தில் கோஹினூர் என்று எழுதி எல்லாருக்கும் அனுப்பியிருக்கிறான். அது இந்தக் கிரீடத்தில் இல்லை, ராணியின் தாயின் கிரீடத்தில் இருக்கிறது. இதில் இருப்பது தென்னாப்பிரிக்காவில் எடுத்த கல்லினன் வைரம். திருத்தி எழுதினேன். அவன் அதற்கு ஒரு கும்பிடு அனுப்பினான், அவ்வளவுதான்.

செப்டெம்பர் 17, சனி

அம்மாவுக்குச் சொல்லிவிட்டேன். "அதுக்கென்ன, செத்த வீடு எல்லே" என்றார்.

செப்டெம்பர் 18, ஞாயிறு

தம்பி வந்து இருந்ததால் வெளியே போனேன். லம்பெத் பாலத்தடியில் வரிசை. கையில் ஆளுக்கொரு பட்டி, இலக்கம் போட்டது. இரவிலிருந்து நிற்கிற ஒரு மனிசிக்கு என் வயசுதான் இருக்கும். 1952இல் ராணியின் தகப்பன் ராசா பெட்டியில் கிடந்தபோது தன் அம்மம்மா நின்றதாகச் சொன்னார், வேறு காரணம் ஒன்றும் சொல்லவில்லை. எனக்கு ஒரு பிஸ்கற் தந்தார். நான் வரிசையில் இல்லை என்று சொல்லக் கூச்சமாக இருந்து, வாங்கிச் சாப்பிட்டேன்.

செப்டெம்பர் 19, திங்கள்

வோர்ட்டே ரிவிக்கு முன்னால். பத்து மணி, அம்மாவின் நேரம், வந்து போனது. தேவாலய மணி நிமிசத்துக்கு ஒன்றாக 96 தரம் அடித்தது. பெட்டியை ஏற்றிய பீரங்கி வண்டியை 142 கடற்படை ஆட்கள் கயிற்றில் இழுத்து வந்தார்கள். "குதிரை எங்கை?" என்றார் அம்மா. 1901இல் விக்டோரியா ராணியின் ஊர்வலத்தில் விண்ட்சரில் குளிரில் நின்ற குதிரைகள் குழம்பிச் சேணத்தை அறுத்துவிட, பக்கத்தில் நின்ற கடற்படைக்காரர் இழுத்தார்கள். அன்று தொட்டு அதுவே வழக்கமாகிவிட்டது. ஒரு தரம் பிழையாய்ப் போனதை மரபாக்கிவிட இவர்களால்தான் முடியும்.

அம்மா 1954ஐப் பற்றிக் கதைக்கத் தொடங்கினார். ராணி கொழும்புக்கு வந்து, முடிசூட்டு உடுப்போடு பாராளுமன்றத்தைத் திறந்து வைத்த வருசம். "அந்த வெயிலுக்கை அந்தப் பாரச் சட்டையோடை." முகத்தைப் பார்த்ததெல்லாம் முத்திரையில்தானாம். 1972 மே வரை எங்களுக்கும் அவர்தானே ராணி. நல்லவரா கெட்டவரா என்று நான் கேட்டேன். அம்மா காது கேட்காத மாதிரி இருந்தார்.

பின்னேரம் விண்ட்சரில் அரச நகைத்தொழிலாளர் வந்து கிரீடம், கோளம், செங்கோல் மூன்றையும் பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுத்தார். அப்புறம் அரண்மனையின் மேலதிகாரி லோர்ட் சேம்பர்லேன் தன் மெல்லிய வெள்ளைத் தடியை இரண்டாக முறித்துப் பெட்டிமேல் வைத்தார். உத்தியோகம் முடிந்தது. இதைச் சனம் முன்பு கண்டதே இல்லை. பெட்டி தரைக்குள் மெல்ல இறங்கியது.

"தாட்டாச்சோ?" என்றார் அம்மா. இரவுதான் குடும்பத்தோடு முழுசாக அடக்கம் என்றேன். "இன்னும் இருக்கோ" என்று திரும்பிப் படுத்துவிட்டார்.

செப்டெம்பர் 20, செவ்வாய்

கிழவியை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். புதுத் திகதி இல்லை.

செப்டெம்பர் 23, வெள்ளி

இல்லை.

செப்டெம்பர் 29, வியாழன்

மரணச் சான்றிதழை வெளியிட்டிருக்கிறார்கள். நேரம் பி.ப. 3.10. நாங்கள் ஆறரை வரை தொண்டை வறள ரிவியைப் பார்த்துக்கொண்டிருந்தபோது எல்லாம் முடிந்து மூன்று மணித்தியாலம். தகவல் கொடுத்தவர் மகள் ஆன், அவரேதான் கையெழுத்துப் போட்டிருக்கிறார். தொழில் என்ற கட்டத்தில் "மாட்சிமை தங்கிய மகாராணி". காரணம் என்ற கட்டத்தில் "முதுமை". வேறொன்றும் இல்லை. ஒரு சொல் எழுதி விட்டுவிடலாமா அப்படி? அம்மாவின் கோப்பு இப்போதே என் பெருவிரல் தடிப்பம்.

நான்கு மணிக்குப் போன் வந்தது. நாளைக்குக் காலை எட்டரை. இரவு பன்னிரண்டுக்குப் பிறகு சாப்பாடு கூடாது, தண்ணீர் குடிக்கலாம், காப்பைக் கழற்றவேண்டும். அம்மாவின் காப்பு சவர்க்காரம் போட்டும் கழருதில்லை, தம்பியை நூல் கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன்.