கொலோனில் ஒருசந்தி

முதியோர் இல்லத்தில் நர்ஸ் வேலைக்காக நான் ஜெர்மனியின் கொலோன் நகரத்துக்கு வந்தது ஒரு ஜனவரியில். குளிர் பழகுவதற்குள் கார்னிவல் வந்துவிட்டது. ஊரே வேஷம் கட்டி ஆடியது. கடைசி நாள் ராத்திரி மதுக்கடை வாசல்களில் நுப்பல் என்கிற வைக்கோல் பொம்மையைக் கொளுத்துகிறார்கள். கொண்டாட்டத்தில் செய்த பாவமெல்லாம் அதன் தலையில். விடிந்தால் சாம்பல் புதன். ஈரத் தெருவில் வண்ணக் காகிதத் துணுக்குகள் ஒட்டிக் கிடந்தன. ஈஸ்டருக்கு முந்தைய நாற்பது நாள் நோன்பான தவக்காலம் தொடங்கியதற்கு வேறு அடையாளமே என் கண்ணில் படவில்லை.

தூத்துக்குடிக்குத் தெற்கே கடற்கரை ஊர் எங்களுடையது. அங்கே தவக்காலத்தை யாரும் சொல்லித் தெரிய வேண்டாம். கோயிலில் அல்லேலூயா நின்றுவிடும். வெள்ளிதோறும் இயேசுவின் பாடுகளை நினைக்கும் சிலுவைப்பாதை, பதினான்கு நிலைக்கும் முழங்கால் போட்டு எழ வேண்டும். போன வருடத்துக் குருத்தோலைச் சிலுவைகளைத் திரும்பக் கொடுப்போம், அவற்றை எரித்த சாம்பல்தான் எங்கள் நெற்றிக்கு வரும். ஊர் முழுக்க நோன்பிருக்கும்போது நானும் இருந்தேன். என் நோன்பை ஊர்தான் சுமந்தது என்பது இங்கே தனியாக வந்த பிறகுதான் புரிந்தது.

"அங்கேயும் சாம்பல் பூசுவாங்களா, மக்ளே?" என்று அம்மா போனில் கேட்டாள். எனக்கு அன்று மாலை ஷிஃப்ட், பூசைக்குப் போக வழியில்லை. ஆனால் இல்லத்துக்கே ஒரு அம்மா கிண்ணத்தில் சாம்பல் கொண்டுவந்தார். சக்கர நாற்காலிகள் வரிசையாக நின்றன. தொண்ணூறு வயது நெற்றியில் சிலுவை போட்டு, "மனிதனே, நீ மண்ணாயிருக்கிறாய், மண்ணுக்கே திரும்புவாய்" என்று அவர் சொன்னபோது அந்த முதியவர் தலையாட்டினார், தெரிந்த செய்தி போல. கடைசியில் என் பக்கம் திரும்பி உனக்கும் வேண்டுமா என்றார். கையுறையைக் கழற்றிவிட்டுக் குனிந்தேன்.

ஒருசந்தி என்றால் நாளில் ஒரு வேளைதான் முழுச் சாப்பாடு. அன்று பசியோடுதான் மற்றவர்களுக்கு ஊட்டினேன். ஒரு பாட்டிக்கு மறதி நோய். வாயில் வைத்ததை மெல்லவே மறந்துவிடுவார். ஒரு கரண்டி சூப் கொடுத்தால், தொண்டை ஏறி இறங்குகிறதா என்று பார்த்துத்தான் அடுத்த கரண்டி. ஒரு கிண்ணம் தீர முக்கால் மணி நேரம் ஆகும். உருளைக்கிழங்கு வாசனை மூக்கில் ஏறியது. பசித்தவர்களோடு உன் உணவைப் பகிர்வதல்லவா நோன்பு என்று பைபிளில் எசாயா நூலின் 58-ஆம் அதிகாரம் கேட்கிறது. சின்ன வயதிலிருந்து கேட்ட வாசகம், அன்றுதான் என் வயிற்றில் இறங்கியது.

வெள்ளிக்கிழமை வந்தது. எங்கள் கேன்டீனில் மீன். இறைச்சியை விலக்கும் நாளில் மீன் சாப்பிடுவது இங்கே வழக்கம். எனக்கு மனசு ஒப்பவில்லை. தினமும் சாளையும் நெத்திலியும் வேகிற வீட்டில் பிறந்தவளுக்கு மீன் எப்படித் தவமாகும்? அம்மா நாற்பது நாளும் மீனையே தொடமாட்டாள். வயது 59 நிறைந்துவிட்டால் ஒருசந்தி கடமையில்லை, அம்மாவோ 66-இலும் விடவில்லை. நான் மீனை விட்டேன், கூடவே ராத்திரியில் ஊர் வீடியோக்கள் பார்த்து அழுவதையும். இரண்டாவதுதான் கஷ்டமாக இருந்தது.

பங்குக் கோயிலில் பீடத்துக்குப் பக்கத்தில் பெரிய ஓவியத் துணி ஒன்று தொங்கியது. 'பசித்துணி' என்று பொருள்படும் பெயர். இடைக்காலத்தில் தவக்காலம் முழுக்கப் பீடத்தையே துணியால் மறைத்துவிடுவார்களாம், கண்ணுக்கும் நோன்பு. 1958-இல் தொடங்கிய மிசெரியோர் என்ற கத்தோலிக்க உதவி அமைப்பு 1976-இல் அந்த வழக்கத்துக்கு மறுபடி உயிர் கொடுத்தது. முதல் துணியை வரைந்தவர் இந்திய ஓவியர் ஜோதி சாஹி என்று தெரிந்ததும், அந்தக் கோயிலில் எனக்கும் ஒரு இடம் இருப்பது போல இருந்தது.

குருத்து ஞாயிறன்று ஓலை இல்லை. குட்டை இலைப் புதர்ச் செடியின் கிளையை மந்திரித்துக் கொடுத்தார்கள். ஓலையைப் போலச் சிலுவையாக மடிக்க வராது. விரல்கள் பழக்கதோஷத்தில் மடிக்கப் பார்த்தன. ஒரு கிளையைப் பாட்டியின் அறைச் சிலுவைக்குப் பின்னால் செருகினேன்.

பெரிய வெள்ளி இங்கே அரசு விடுமுறை, பொது நடன நிகழ்ச்சிகளுக்குக்கூடத் தடை. எனக்கு மறுபடி மாலை ஷிஃப்ட், மறுபடி ஒருசந்தி. ஓரம் நீக்கிய ரொட்டியை விரலளவு நறுக்கி வெண்ணெய் தடவி ஊட்டிக்கொண்டிருந்தேன். மூன்றாவது துண்டைப் பாட்டி வாயில் வாங்கவில்லை. என் கையிலிருந்து எடுத்து, நடுங்கும் விரலால் என் வாய்க்கு நேரே நீட்டினார். "இஸ், கிண்ட்" என்றார். சாப்பிடு, பிள்ளை.

நோன்பென்று சொல்லவில்லை. வாயைத் திறந்தேன்.

ராத்திரி அம்மாவிடம் சொன்னேன், ஒருசந்தியை முறித்துவிட்டேன் என்று. கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. "சரி மக்ளே," என்றாள். "அப்புறம் அந்தப் பாட்டி மிச்சத்தைச் சாப்பிட்டாங்களா?"