லினக்ஸ் நிர்வாகி வேலை: தேர்வைவிடத் தாள்கள்தான் பெரும்பாடு

பல ஆண்டுகள் சொந்த ஆர்வத்தில் லினக்ஸ் இயங்குதளத்தைப் பயன்படுத்திவந்த நான், இப்போது ஒரு நிறுவனத்தில் லினக்ஸ் வழங்கிகளை, அதாவது சர்வர்களைப் பராமரிக்கும் நிர்வாகியாகச் சேர்ந்திருக்கிறேன். நியமனக் கடிதம் கைக்கு வந்துவிட்டது என்ற நிம்மதி இருந்தாலும், இடையில் பட்ட அலைக்கழிப்பின் எரிச்சல் இன்னும் முழுவதும் ஆறவில்லை. தொழில் தெரியுமா என்று சோதித்தவர்கள் யாரும் என்னைத் தடுக்கவில்லை. அந்தத் தொழிலை எங்கே, யாரிடம், என்ன சம்பளத்துக்குச் செய்தீர்கள் என்று தாள் கேட்டவர்கள்தான் ஒவ்வொரு படியிலும் நிறுத்தி வைத்தார்கள். இதே வழியில் வர நினைக்கும் இளைஞர்கள் அந்தத் தாள்களை முன்கூட்டியே சேர்த்து வைத்துக்கொள்ள வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

சான்றிதழ்த் தேர்வைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. நான் எழுதியது, லினக்ஸ் தொகுப்பை வெளியிடும் ரெட் ஹேட் நிறுவனத்தின் ஆர்எச்சிஎஸ்ஏ என்ற நிர்வாகிச் சான்றிதழ்த் தேர்வு. 300 மதிப்பெண்ணுக்கு 210 எடுத்தால் தேர்ச்சி. சான்றிதழ் 3 ஆண்டுகளுக்குச் செல்லும். கேள்விக்கு விடை எழுதும் தேர்வு அல்ல, இயங்கும் கணினியில் வேலையைச் செய்து முடிக்கும் தேர்வு என்பதால், தினமும் முனையத்தில் (கட்டளைகளைத் தட்டச்சிடும் திரையில்) புழங்குகிறவர்களுக்கு அது அந்நியமாக இருக்காது. இணையம் கிடைக்காது, ஆனால் கணினியிலேயே இருக்கும் கையேட்டுப் பக்கங்களைத் திறக்கலாம்; ஆகவே கட்டளைகளை மனப்பாடம் செய்வதைவிடக் கையேட்டில் விரைவாகத் தேடப் பழகுவது நல்லது. செய்த மாற்றங்கள் எல்லாம் கணினியை மறுதொடக்கம் செய்த பிறகும் நிலைத்திருக்க வேண்டும் என்பதையும் மறக்கக் கூடாது. கணினி தொடங்கும்போது வட்டின் பிரிவுகளை இணைக்கும் எஃப்எஸ்டேப் கோப்பில் ஒரு வரி பிசகினாலும் கணினி அவசர நிலைக்குப் போய் நின்றுவிடும். கோப்பைச் சேமித்த கையோடு, மறுதொடக்கத்துக்கு முன்பே, ‘மவுண்ட்’ கட்டளையை ‘ஏ’ என்ற தெரிவுடன் ஓடவிட்டுப் பிழை வருகிறதா என்று பாருங்கள். அதேபோல், எஸ்இலினக்ஸ் என்ற பாதுகாப்பு அமைப்பு குறுக்கே நிற்கிறது என்று அதை அணைத்துப் பழகியவர்கள் அந்தப் பழக்கத்தை இப்போதே விட்டுவிடுங்கள். வேலையிலும் பல இடங்களில் அதை அணைக்க அனுமதிப்பதில்லை.

உண்மையான தொல்லை வேலைக்கு விண்ணப்பிக்கத் தொடங்கியபோதுதான் வந்தது. பெரும்பாலான நிறுவனங்களின் விண்ணப்பப் படிவத்தில் ‘பணி அனுபவம்’ என்ற கட்டத்தில் நிறுவனத்தின் பெயர், பதவி, சேர்ந்த தேதி, விலகிய தேதி ஆகியவற்றை நிரப்பாமல் அடுத்த பக்கத்துக்குப் போகவே முடியாது. யாரும் பயன்படுத்தவும் திருத்தவும் உரிமை தரும் கட்டற்ற மென்பொருள்களுக்கு வழு (பிழை) அறிக்கை எழுதியது, இடைமுகங்களை மொழிபெயர்த்தது, சிறு திருத்தங்களை அனுப்பி அவை ஏற்கப்பட்டது, நண்பர்களின் சிறு அமைப்புகளுக்கு வழங்கி அமைத்துக் கொடுத்துப் பராமரித்தது என்று நான் பல ஆண்டுகளாகச் செய்துவந்த வேலைக்கு அந்தக் கட்டத்தில் இடமே இல்லை. தொலைபேசியில் பேசிய ஆளெடுப்பு அலுவலரிடம் இதை விளக்கியபோது, “சம்பளம் வாங்கினீர்களா, இல்லையா? இல்லையென்றால் அதை அனுபவமாகப் போட முடியாது” என்று சொல்லிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டார். உலகின் பெரும்பாலான இணைய வழங்கிகளைத் தாங்கி நிற்கும் மென்பொருள்களில் கணிசமான பகுதி தன்னார்வலர்கள் தொடங்கியது. 1991இல் லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸின் மையப் பகுதியான கருனியை (கெர்னல்) அறிவித்தபோது அவர் ஒரு மாணவர். 1993இல் தொடங்கிய டெபியன் என்ற லினக்ஸ் தொகுப்பு இன்றும் தன்னார்வலர்களின் உழைப்பில்தான் வெளிவருகிறது. அந்த உழைப்பை அனுபவம் அல்ல என்று ஒரே வாக்கியத்தில் ஒதுக்கியது எனக்கு இன்னும் வலிக்கிறது.

இதற்கு நான் கண்ட வழி ஒன்று உண்டு. ‘தன்னார்வப் பங்களிப்பாளர்’ என்று பதவியையும், திட்டத்தின் பெயரை நிறுவனப் பெயருக்கான கட்டத்திலும் போட்டுவிட்டு, ஒவ்வொரு பங்களிப்புக்கும் யாரும் திறந்து பார்க்கக்கூடிய சான்றைச் சேர்த்தேன். டெபியனின் வழுப் பதிவகத்தில் ஒவ்வொரு வழுவுக்கும் நிரந்தர எண் உண்டு. நிரலின் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட் களஞ்சியங்களில் ஒவ்வொரு மாற்றத்துக்கும் பெயரும் தேதியும் இருக்கும். ‘லினக்ஸில் ஆர்வம் உள்ளவர்’ என்று எழுதியிருந்தபோது பதிலே வராத இடங்களிலிருந்து, ‘இந்த எண்ணுள்ள வழுவைக் கண்டறிந்து, திருத்தி அனுப்பினேன், இந்தப் பதிப்பில் ஏற்கப்பட்டது’ என்று எழுதிய பிறகு அழைப்பு வந்தது. ஆகவே பங்களிக்கும்போதே உங்கள் சொந்தப் பெயரையும், நீண்ட காலம் வைத்திருக்கப்போகும் மின்னஞ்சல் முகவரியையும் பயன்படுத்துங்கள். புனைபெயரில் செய்த வேலை எவ்வளவு நல்லதானாலும், அது உங்களுடையது என்று பின்னால் ஒப்புவிப்பது கடினம்.

இன்னொரு அலுவலர், நான் அந்நிறுவனத்தின் வணிகத் தொகுப்பான ரெட் ஹேட் எண்டர்பிரைஸ் லினக்ஸில் வேலை செய்ததில்லை என்பதால் தகுதியில்லை என்றார். என் வீட்டு வழங்கிகள் ராக்கி லினக்ஸ் என்ற இலவசத் தொகுப்பில் ஓடிக்கொண்டிருந்தன. அதே ரெட் ஹேட் தொகுப்பின் இலவச வடிவமான சென்ட்ஓஎஸ் லினக்ஸ் 8-க்கான ஆதரவு 2021 டிசம்பர் 31 அன்று நிறுத்தப்படும் என்று அறிவிக்கப்பட்டதை அடுத்து, அதன் இடத்தை நிரப்பவே ராக்கியும் அல்மாவும் வந்தன. ரெட் ஹேட் எண்டர்பிரைஸ் லினக்ஸுக்கு இணக்கமாக இருப்பதே அவற்றின் நோக்கம். ஒன்றில் கற்றது மற்றொன்றில் அப்படியே செல்லும். எவ்வளவு விளக்கியும், தம் கையில் இருந்த பட்டியலில் ராக்கியின் பெயர் இல்லை என்பதையே அவர் திரும்பத் திரும்பச் சொன்னார். அவர் மீதும் முழுக்கக் குற்றம் சொல்ல முடியாது; பட்டியலைத் தயாரித்தவர் வேறு யாரோ. ஆனால் அந்தச் சொல்லுக்காக ஒரு வாய்ப்பு போய்விடக் கூடாது என்பதால், உடனே ரெட் ஹேட்டின் தனிநபர் டெவலப்பர் சந்தாவில் பதிவுசெய்துகொண்டேன். அது இலவசம், 16 கணினிகள் வரை நிறுவிக்கொள்ளலாம். சுயவிவரத்தில் அந்தப் பெயர் ஏறிய பிறகு இந்தக் கேள்வி மறுபடி எழவில்லை. தொடக்கத்திலேயே ஒரு மெய்நிகர் கணினியில் (மென்பொருளால் உருவாக்கும் கணினியில்) அதையும் நிறுவி வைத்துக்கொள்ளுங்கள்.

என்னை மிகவும் கோபப்படுத்தியது முதற்கட்ட இணையவழிச் சோதனை. லினக்ஸ் நிர்வாகிப் பணிக்கான அந்தச் சோதனையை எழுத, விண்டோஸிலும் மேக்கிலும் மட்டுமே இயங்கும் ஒரு கண்காணிப்பு மென்பொருளை நிறுவ வேண்டும் என்று அழைப்புக் கடிதத்தின் கடைசிப் பத்தியில் சிறிய எழுத்தில் இருந்தது. என்னிடம் இருப்பது லினக்ஸ் மடிக்கணினி மட்டுமே என்று எழுதிக் கேட்டேன். “குறிப்பிட்ட இயங்குதளத்தைப் பயன்படுத்தவும்” என்று ஒரு வரிப் பதில் வந்தது. மெய்நிகர் கணினிக்குள் விண்டோஸ் நிறுவிப் பார்த்தேன். கண்காணிப்பு மென்பொருள் அதைக் கண்டுபிடித்துச் சோதனையைத் தொடங்கவே மறுத்துவிட்டது. குறித்த நேரம் அப்படியே வீணாயிற்று. ஒரு நிறுவனம் எந்த இயங்குதளத்தைப் பராமரிக்க ஆள் தேடுகிறதோ, அந்த இயங்குதளத்தைப் பயன்படுத்துகிறவரை வாசலிலேயே நிறுத்துவது எந்த வகையிலும் நியாயம் இல்லை. இதைக் கோபமாக அல்லாமல் நிதானமாக எழுதி, மனிதவளப் பிரிவுக்கு மட்டும் அனுப்பாமல் விளம்பரத்தில் பெயர் இருந்த தொழில்நுட்பக் குழுத் தலைவருக்கும் ஒரு நகல் அனுப்பினேன். அவர் மறுநாளே பதில் எழுதி, அந்தச் சோதனையை எனக்கு நீக்கிவிட்டு நேரடியாகச் செய்முறைச் சுற்றுக்கு அழைத்தார். எல்லோருக்கும் அப்படி ஒருவர் வாய்ப்பார் என்று சொல்ல முடியாது. அழைப்புக் கடிதம் வந்தவுடன் கடைசி வரிவரை படித்து, தேவையான இயங்குதளம் என்ன என்று பார்த்து, முன்கூட்டியே ஒரு நண்பரின் கணினிக்குச் சொல்லி வையுங்கள். காணொளி நேர்காணலாக இருந்தால், லினக்ஸின் திரைக்காட்சியைக் கையாளும் வேலண்டில் திரைப் பகிர்வு சரியாக வேலை செய்கிறதா என்று முன்தினமே சோதித்துக்கொள்ளுங்கள். காட்சியைக் கடத்தும் பைப்வயர் சேவை ஓடாமல் இருந்தால் எதிர்முனையில் இருப்பவருக்குக் கறுப்புத் திரைதான் தெரியும்.

செய்முறைச் சுற்றைப் பற்றி எழுதும்போது மட்டும் மனம் நிறைகிறது. ஒரு வழங்கிக்குள் நுழையும் அனுமதியைக் கொடுத்து, “வட்டு நிறைந்துவிட்டது, சேவை நிற்கக் கூடாது, சரிசெய்யுங்கள்” என்றார்கள். ‘டிஎஃப்’ கட்டளை வட்டு 100 சதவீதம் நிறைந்திருப்பதாகக் காட்டியது. ‘டியூ’ கொண்டு அடைவுகளின் அளவைக் கூட்டிப் பார்த்தால் அதில் பாதிகூடத் தேறவில்லை. ஐநோடுகள் (ஒவ்வொரு கோப்பின் விவரத்தையும் குறித்துவைக்கும் இடங்கள்) தீர்ந்துவிட்டனவா என்று பார்த்தேன், அதுவும் இல்லை. இந்த இரண்டு கட்டளைகளும் முரண்படும்போது, அழிக்கப்பட்ட ஒரு கோப்பை ஏதோ ஒரு செயல்முறை (ஓடிக்கொண்டிருக்கும் நிரல்) இன்னும் திறந்து வைத்திருக்கிறது என்று சந்தேகிக்க வேண்டும். கோப்பின் பெயர் அடைவிலிருந்து நீங்கிவிட்டாலும், அதைத் திறந்து வைத்திருக்கும் செயல்முறை விடும்வரை கருனி அந்த இடத்தை விடுவிக்காது. திறந்திருக்கும் கோப்புகளைப் பட்டியலிடும் ‘எல்எஸ்ஓஎஃப்’ கட்டளையில் இணைப்பு எண்ணிக்கை ஒன்றுக்குக் குறைவான, அதாவது எந்த அடைவிலும் பெயர் இல்லாத கோப்புகளை மட்டும் கேட்டேன். யாரோ கையால் அழித்துவிட்ட ஒரு பெரிய பதிவுக் கோப்பு அங்கே நின்றது. சேவையை மறுதொடக்கம் செய்திருந்தால் இடம் உடனே கிடைத்திருக்கும், ஆனால் நிறுத்தக் கூடாது என்பது நிபந்தனை. ஆகவே ஓடும் செயல்முறைகளின் விவரம் இருக்கும் ‘ப்ராக்’ அடைவில் அந்தச் செயல்முறையின் எண்ணுக்குக் கீழே இருக்கும் கோப்பு விவரிப்பான் (திறந்த கோப்பைச் சுட்டும் எண்) வழியாக உள்ளடக்கத்தை மட்டும் வெறுமையாக்கினேன். மறுபடி ‘டிஎஃப்’ கொடுத்தபோது எண் சரசரவென்று இறங்கியிருந்தது. அதோடு நிற்காமல், அந்தப் பதிவுக் கோப்புக்கு பழைய பதிவுகளைச் சுழற்றி நீக்கும் லாக்ரொட்டேட் அமைப்பே எழுதப்படாமல் இருந்ததைக் காட்டி அதையும் எழுதிக் கொடுத்தேன். எதிரில் இருந்தவர் என் சான்றிதழைப் பற்றி ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. வீட்டில் பழைய கணினியில் ஓடும் வழங்கியில் இதே சிக்கலை நள்ளிரவில் தேடித் தேடித் தீர்த்ததுதான் அன்று கைகொடுத்தது.

வேலை உறுதியான பிறகு பின்னணிச் சரிபார்ப்பு வந்தது. சரிபார்க்கும் பணியை ஒப்பந்தத்தில் எடுத்திருந்த நிறுவனம், என் தன்னார்வக் காலத்துக்குப் பணிவிடுப்புக் கடிதமும் சம்பளச் சீட்டும் கேட்டது. சம்பளமே இல்லாத வேலைக்குச் சம்பளச் சீட்டு எங்கிருந்து வரும் என்று கேட்டால், அதே படிவத்தை மீண்டும் அனுப்பினார்கள். சான்றிதழுக்கும் முத்திரையிட்ட அச்சுப் பிரதி வேண்டும் என்றார்கள். அதில் இருக்கும் எண்ணை வைத்து, சான்றிதழ் வழங்கியவர்களின் பக்கத்திலேயே யார் வேண்டுமானாலும் சரிபார்க்கலாம் என்பதை ஏற்க மறுத்தார்கள். கடைசியில், நான் பங்களித்த திட்டமொன்றின் பராமரிப்பாளர் எனக்காக எழுதிக் கொடுத்த கடிதமும், நான் வழங்கி அமைத்துக் கொடுத்த ஓர் அமைப்பின் பொறுப்பாளர் தந்த கடிதமும்தான் கோப்பை நகர்த்தின. இந்தக் கடிதங்களை வேலை தேடும் நேரத்தில் அவசரமாகக் கேட்டு அலையாதீர்கள். ஒரு வேலையை முடித்துக் கொடுத்த உடனேயே, தேதி, செய்த பணி, தொடர்பு விவரம் மூன்றும் இருக்கும்படி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

இறுதியாகப் பணி ஒப்பந்தம். இதைத்தான் எல்லோரும் படிக்காமல் கையெழுத்திடுகிறார்கள், இதில்தான் லினக்ஸ் ஆர்வலர் கவனமாக இருக்க வேண்டும். பணிக்காலத்தில் நான் எழுதும் எந்த நிரலும், அலுவலக நேரத்துக்கு வெளியே சொந்தக் கணினியில் எழுதியதானாலும், நிறுவனத்தின் சொத்து என்று ஒரு பிரிவு இருந்தது. அதை ஏற்றுக்கொண்டால், என் பெயரில் எந்தக் கட்டற்ற மென்பொருளுக்கும் நான் நேர்மையாகப் பங்களிக்க முடியாது. லினக்ஸ் கருனிக்கு ஒரு திருத்தம் அனுப்புகிறவர், அதைத் தர தமக்கு உரிமை இருக்கிறது என்று உறுதிகூறி ஒப்பமிட வேண்டும். 2004 முதல் இது நடைமுறையில் உள்ளது. உரிமை நிறுவனத்திடம் இருக்கும்போது அந்த ஒப்பத்தை நான் இடுவது பொய்யாகிவிடும். மனிதவள அலுவலரிடம் சொன்னபோது, “எல்லோரும் கையெழுத்திடுகிறார்கள், இதற்குமுன் யாரும் கேட்டதில்லை” என்றார். அந்தப் பதிலில் மனம் தளர வேண்டாம். பிரிவை நீக்கச் சொன்னால் நடக்காது. விலக்குப் பட்டியல் ஒன்றை இணைக்கச் சொன்னால் பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள். ஏற்கெனவே பங்களித்துவரும் திட்டங்களின் பெயர், அவற்றின் உரிமம், சொந்த நேரத்தில் சொந்தக் கருவியில் செய்யும் வேலை என்ற விளக்கம் ஆகிய மூன்றையும் ஒரே பக்கத்தில் எழுதிக் கொடுத்தேன். சட்டப் பிரிவுக்குப் போய்ச் சில வாரங்கள் கிடந்தது. அந்த நாள்களில் வேலை கைநழுவிவிடுமோ என்ற அச்சம் இருக்கத்தான் செய்தது, ஆனால் பின்வாங்கவில்லை. கடைசியில் இணைப்பாக ஏற்றுக் கையெழுத்திட்டுத் தந்தார்கள்.

சேர்ந்த பிறகு, அலுவலகம் தந்த மடிக்கணினியில் விண்டோஸ்தான் இருக்கிறது. வழங்கிகளுக்குள் எஸ்எஸ்எச் என்ற பாதுகாப்பான தொலைநுழைவு முறை வழியாகத்தான் போகிறோம். முறைவைத்து இரவுப் பொறுப்பும் வருகிறது. இவற்றுக்கெல்லாம் பழகிவிட்டேன். புதிதாகச் சேருகிறவர்களிடம் இப்போதைக்கு ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். கையெழுத்தான அந்த இணைப்பின் நகலை அலுவலக மின்னஞ்சலில் மட்டும் வைக்காமல் உங்கள் சொந்த வட்டிலும் சேமித்து, அச்சுப் பிரதி ஒன்றையும் எடுத்து வையுங்கள். வேலையை விட்டு விலகும் அன்றே அலுவலகக் கணக்கு முடக்கப்படும். அதற்குப் பிறகு அந்தத் தாளைக் கேட்டு மறுபடி மனிதவளப் பிரிவின் வாசலில் நிற்க வேண்டியிருக்கும்.