பாயின்ட்டில் கிடைத்த படுக்கை

போன வாரம் நானும் அம்மாவும் சென்னையிலிருந்து சிங்கப்பூருக்கு இரவு விமானத்தில் காலை நீட்டிப் படுத்துக்கொண்டே போனோம். பிசினஸ் வகுப்பு! லாட்டரி எதுவும் விழவில்லை. மளிகை, துணிமணி, ஸ்கூல் ஃபீஸ் என்று மூன்று வருடமாக ஒரே கிரெடிட் கார்டில் தேய்த்துச் சேர்த்த பாயின்ட்டின் பலன்.

முன்பெல்லாம் பாயின்ட் சேர்ந்ததும் பரிசுப் பட்டியலைத் திறந்து ஏதாவது வாங்கிவிடுவேன். அப்படி வந்த மிக்ஸி ஒன்று இன்னும் பரணில் கிடக்கிறது. அதே பாயின்ட்டை சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் கிரிஸ்ஃப்ளையர் திட்டத்தில், காசுக்குப் பதிலாகக் கொடுத்து டிக்கெட் எடுக்கும் ‘மைல்’களாக மாற்றிக்கொள்ளலாம் என்று தெரிந்த அன்று வயிறு எரிந்தது.

ஆனால் அவசரப்படாதீர்கள். முதலில் சீட் இருக்கிறதா என்று பாருங்கள், அப்புறம் மாற்றுங்கள். ஒருமுறை மைலாகிவிட்டால் கார்டுக்குத் திரும்பாது. கிரிஸ்ஃப்ளையர் மைலுக்கு ஆயுளும் 3 வருடம்தான். மைலில் எடுக்கும் டிக்கெட்டில் ‘சேவர்’ வகைக்கு மைல் குறைவு, ஆனால் சீட்டும் குறைவு. ‘அட்வான்டேஜ்’ வகை சுலபமாகக் கிடைக்கும், மைலை விழுங்கிவிடும். நாங்கள் கேட்ட வெள்ளிக்கிழமைக்கு சேவரில் காத்திருப்புப் பட்டியல்தான். செவ்வாய்க்குத் தள்ளினேன், உடனே இரண்டு சீட். “செவ்வாய்க்கிழமை யாராவது கிளம்புவாங்களா?” என்று அம்மா முணுமுணுத்தது தனிக்கதை. வரியும் கட்டணங்களும் மட்டும் கைக்காசு.

கார்டு பில்லை முழுசாகக் கட்டாதவர்கள் இந்தப் பக்கமே வர வேண்டாம். அந்த வட்டிக்கு முன்னால் எந்த மைலும் நிற்காது.

விமானம் இறங்கும்போது போர்வையை மடித்துக்கொண்டே அம்மா கேட்டது: “இவ்வளவு நல்லா மெத்தை போட்டுட்டு நாலு மணி நேரத்துல எழுப்பிட்டாங்களே?”